ஒரே தாளம், வேறு வேறு கூட்டம்

மட்டாஞ்சேரியின் மாடி அறை மெஹ்ஃபிலில் கண்ணை மூடிக் கேட்கிறார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஃபோர்ட் கொச்சியில் கையைத் தூக்கி ஆடுகிறார்கள். இசை மாறுவதால் மட்டுமா கூட்டம் மாறுகிறது?

இரவு எட்டு மணி. மசாலா கிடங்குகளின் கதவுகள் சாத்தப்பட்டுவிட்டன. சுக்கும் மிளகும் மணக்கும் சந்தில், மரப்படி ஏறிப் போனால் ஒரு சிறிய அறை. வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. உள்ளே பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் முப்பது, நாற்பது பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். நடுவில் ஒரு ஹார்மோனியம், ஒரு தபலா. பாடகர் ஒரு வரியை எடுத்து இரண்டு முறை பாடுகிறார். மூன்றாவது முறை கொஞ்சம் வளைத்துப் பாட, மூலையிலிருந்து 'வாஹ்' என்று ஒரு குரல் வருகிறது. அந்த ஒற்றைக் குரலுக்காக அவர் நான்காவது முறையும் அதே வரியைப் பாடுகிறார். இது மட்டாஞ்சேரி மெஹ்ஃபிலின் வழக்கமான காட்சி.

கொச்சியின் இன்னொரு இரவு இதற்கு நேரெதிர். பாடகரே கிடையாது. மேடையில் ஒருவர் காதில் ஹெட்போனுடன் இரண்டு இசைத்தட்டு இயந்திரங்களின் மீது குனிந்திருக்கிறார். அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் இருட்டில் தெரியாது. நிமிடத்துக்கு 125 அடி என்ற கணக்கில் தாளம் நெஞ்சுக்கூட்டில் இடிக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் வழக்கமும் இல்லை. அங்கே மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒட்டி உள்ளே அனுப்புகிறார்கள்.

இரண்டுமே கொச்சியின் இரவுதான். ஆனால் கூட்டத்தின் குணம் ஏன் இத்தனை மாறுகிறது? 'இசை வேறு, அதனால் ரசிகர்கள் வேறு' என்பது சுலபமான பதில். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் அது பாதிப் பதில் மட்டுமே.

கப்பலில் வந்த ரசனை

குஜராத்திகள், கச்சி மேமன்கள், கொங்கணிகள், உருது பேசும் தக்காணி முஸ்லிம்கள், ஜைனர்கள், தமிழ் பிராமணர்கள், யூதர்கள்... மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் சேர்ந்த சில சதுர கிலோமீட்டருக்குள் சுமார் முப்பது சமூகங்கள் வாழ்ந்திருக்கின்றன. யூதர் தெருவின் பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. வெளி பகுதியில் இன்றும் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் முன்னோர், டச்சுக்காரர்கள் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்கள் என்று சொல்லப்படுகிறது.

வடக்கிலிருந்து வந்த வியாபாரிகள் சரக்கோடு கஜலையும் கவ்வாலியையும் கொண்டுவந்தார்கள். கேரளத்தின் தென்பாதியில் ஹிந்துஸ்தானி இசைக்கு இப்படியொரு தீவு உருவானது அதனால்தான். இதில் விளைந்தவர் மெஹபூப் (1926-1981). 1954இல் வெளியான 'நீலக்குயில்' உள்ளிட்ட ஆரம்பகால மலையாளப் படங்களில் பாடியவர். ஆனால் கொச்சிக்காரர்கள் அவரை நினைவுகூர்வது சினிமாவை வைத்து அல்ல, கல்யாண வீடுகளிலும் நண்பர்களின் அறைகளிலும் விடிய விடிய அவர் பாடியதை வைத்துத்தான். அடுத்த தலைமுறையில் உம்பாயி. மும்பையில் உஸ்தாத் முஜாவர் அலி கானிடம் தபலா கற்றுத் திரும்பியவர். இயக்குநர் ஜான் ஆபிரகாம் சூட்டிய பெயரே நிலைத்தது. மலையாளத்தில் கஜல் பாட முடியும் என்று நிரூபித்த அவர் 2018 ஆகஸ்டில் காலமானார்.

மெஹ்ஃபிலின் ரகசியம், கேட்பவருக்கும் பாடுபவருக்கும் இடையே இருக்கும் தூரம். அது ஆறடிதான். யார் ரசிக்கிறார், யார் கொட்டாவி விடுகிறார் என்பது பாடகருக்குத் தெரியும். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு ஒருவரை ஒருவர் தெரியும். அந்த அறையில் யாரும் அந்நியர் இல்லை. அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் அந்நியராக இருக்க முடியாது.

இயந்திரமும் ராகமும்

மின்னணு இசை அந்நிய இறக்குமதி என்று ஒதுக்குபவர்களுக்கு இரண்டு தகவல்கள். 1969இலேயே ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் ட்யூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். இந்திய மாணவர்களும் ஆசிரியர்களும் அதில் சோதனைகள் செய்தார்கள். 1982இல் மும்பையின் சினிமா இசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் இயந்திரங்களை வைத்து டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அதைச் சீண்டுவார் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து சிகாகோவில் அதே இயந்திர ஓசையோடு 'ஆசிட் ஹவுஸ்' பிறந்தது. 2010இல் இசைத்தட்டு மறுபதிப்பு வந்தபோது உலகம் மூக்கில் விரலை வைத்தது. 2015இல் இறப்பதற்கு முன் சிங் ஐரோப்பிய மேடைகளில் வாசித்து அந்தக் கைத்தட்டலையும் வாங்கிவிட்டார்.

சிகாகோவில் 1977இல் தொடங்கிய 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளைக் கலந்து வாசித்ததிலிருந்துதான் 'ஹவுஸ்' என்ற பெயரே வந்தது. வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு. கிடங்குகளின் ஊரான மட்டாஞ்சேரிக்கு இது ஒரு சுவையான ஒற்றுமை.

இன்று மின்னணு இசை என்பது ஒரே சரக்கல்ல. ஹவுஸ் நிமிடத்துக்கு 120 முதல் 130 அடி. கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டே ஆடும். டெக்னோ இன்னும் இறுக்கமானது. ஆளுக்கொரு தனி உலகத்தில், ஒலிபெருக்கியைப் பார்த்தபடி ஆடுவார்கள். கோவாவின் கடற்கரைகளில் வளர்ந்த சைகடெலிக் டிரான்ஸ் 140ஐத் தாண்டும். விடியும்வரை மயங்கி நிற்பார்கள். டிரம் அண்ட் பேஸ் 170ஐத் தொடும், அங்கே குதியாட்டம்தான்.

நல்ல டிஸ்க் ஜாக்கி செய்வதும் மெஹ்ஃபில் பாடகர் செய்வதும் அடிப்படையில் ஒன்றே. கூட்டம் எந்த இடத்தில் கிறங்குகிறது என்று கவனித்து, அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கொடுப்பது. அங்கே 'வாஹ்', இங்கே விசில்.

மலையாளிகளுக்கு இது புதிதும் அல்ல. கோயில் முற்றத்தில் பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் ஆடி அசைந்து தொடங்கும். பிறகு 48, 24, 12, கடைசியில் 6. தாளம் நெருக நெருக ஆயிரக்கணக்கான கைகள் ஒன்றாக மேலே எழும். திருச்சூர் பூரத்தின் இலஞ்ஞித்தற மேளத்தைப் பார்த்தவர்களுக்கு, டெக்னோ மேடையின் முன்னால் கை உயர்த்தும் கூட்டம் வேற்றுக்கிரகமாகத் தோன்றாது.

ஒரு தமிழ்ப் பெண்ணின் இரவு

2012 டிசம்பர் 12. கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலை விழா முதன்முறையாகத் திறக்கப்பட்ட நாள். அன்று இரவு ஃபோர்ட் கொச்சி மேடையில் நின்றவர் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுமியாக வளர்ந்து, அகதியாக மீண்டும் லண்டன் சென்றவர். தாயின் பெயரைச் சூட்டி அவர் 2007இல் வெளியிட்ட 'கலா' ஆல்பத்தின் ஒரு பகுதி சென்னையில் பதிவானது. அதில் ஒரு பாட்டின் முதுகெலும்பு நம்மூர் உறுமி.

கிராமத்துத் திருவிழாவில் சாமி வரவழைக்கும் அதே உறுமி, லண்டன் கிளப்புகளில் யாருக்கும் சாமி வரவழைப்பதில்லை. வேறு மாதிரியான ஆட்டத்தை வரவழைக்கிறது. தோல் ஒன்றுதான், அடியும் ஒன்றுதான். சுற்றி நிற்பவர்கள் எதை எதிர்பார்த்து வந்தார்கள் என்பதுதான் வேறு.

பினாலே கொச்சிக்குக் கொண்டுவந்த மாற்றம் இதுதான். ஓட்டல் அரங்குகளில் காசு கொடுத்து நுழையும் ஒரே மாதிரியான இளைஞர் கூட்டத்துக்கு வெளியே, கலை மாணவர்கள், வெளிநாட்டுப் பயணிகள், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கும் வாய்ப்பு. கலந்த கூட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. யாரும் யாரையும் முழுதாக மறந்து ஆட முடியாது. அதனாலேயே எல்லை மீறவும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

பத்து மணிக் கணக்கு

கூட்டத்தின் மனநிலையை உருவாக்குவதில் இசைக்கு நிகரான பங்கு கடிகாரத்துக்கு உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களில் நள்ளிரவுவரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கிடையாது. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்குப் பரிந்துரைத்த உச்ச சராசரி 100 டெசிபல். இரண்டுக்கும் இடையே எத்தனை கனமான சுவர் வேண்டும் என்று யோசித்துக்கொள்ளலாம். ஓட்டுக்கூரையும் மரப்பலகைத் தளமும் கொண்ட மட்டாஞ்சேரிக் கட்டடங்களுக்கு அந்தப் பலம் இல்லை. அதிலும் அடித்தொனி சுவரைச் சுலபமாகக் கடக்கும். அடுத்த வீட்டுப் பாட்டியின் கட்டில்வரை போகும்.

பெர்லின் கிளப்புகளில் சனிக்கிழமை இரவு தொடங்கும் ஆட்டம் திங்கள் காலைவரை நீள்வதுண்டு. அந்த நகரத்தின் டெக்னோவை ஜெர்மனி 2024இல் தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவ்வளவு நேரம் இருக்கும்போது டிஸ்க் ஜாக்கி அவசரப்பட வேண்டியதில்லை. கூட்டமும் அடங்கி எழும், எழுந்து அடங்கும். ஏழு மணிக்குத் தொடங்கி பத்துக்கு முடிக்க வேண்டிய கொச்சியின் திறந்தவெளி மேடையில் பதிகாலம் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே ஆறு அட்சரம். பசித்தவன் அவசரமாகச் சாப்பிடுவதுபோலத்தான் அந்தக் கூட்டமும் ஆடும்.

அடுத்தது, பெண்கள். எந்த இசை இரவிலும் கூட்டத்தின் தரத்தைக் கணிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. தனியாக வந்த ஒரு பெண் எந்த இடத்தில் நிற்கிறாள்? சுவரோரமாகவா, நடுவிலா? நடுவில் நிற்க முடிந்தால் அது நல்ல கூட்டம். விளக்கு, இடைவெளி, கழிப்பறை, திரும்பிப் போக வாகனம் எல்லாம் இருக்கும் இரவில்தான் அது நடக்கும். இந்தப் பட்டியலில் இசை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

குதூகலம் பயமாகும் நொடி

ஒவ்வொரு டிசம்பர் 31 நள்ளிரவிலும் ஃபோர்ட் கொச்சியில் 'பாப்பாஞ்சி' எரிகிறார். கழிந்த ஆண்டின் அடையாளமான கிழவர் பொம்மை அது. 2022இன் கடைசி இரவில், மைதானத்தின் கொள்ளளவை மீறிக் கூட்டம் திரண்டது. மூச்சுத்திணறிப் பலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. கூட்டத்தை ஒரே இடத்தில் குவிய விடலாமா என்ற விவாதம் அதன்பின் வலுத்தது. 2024இல் வெளி மைதானத்திலும் பாப்பாஞ்சியை எரிக்க கேரள உயர்நீதிமன்றம் அனுமதித்தது.

அதைவிடக் கொடிய பாடம் 2023 நவம்பர் 25இல் கிடைத்தது. களமசேரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சி. மழை தூற ஆரம்பித்ததும் வெளியே நின்றவர்கள் வாசலை நோக்கி நெருக்க, கீழே இறங்கும் படிகளில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். நான்கு இளம் உயிர்கள் போயின. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். ஒரு விஷயம் மறக்கக்கூடாதது: அப்போது கச்சேரி தொடங்கவே இல்லை.

முந்தைய ஆண்டு அக்டோபர் 29இல் தென்கொரியத் தலைநகர் சோலின் இட்டேவோன் பகுதியில், ஒரு குறுகிய சரிவுச் சந்தில் 159 பேர் நசுங்கி இறந்தபோதும் அங்கே மேடை இல்லை, பாடகர் இல்லை. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நின்றால் அசையலாம். ஆறேழு பேரானால் மனிதர்கள் தண்ணீர்போல அலையடிக்க ஆரம்பிப்பார்கள். தனி மனிதனின் விருப்பத்துக்கு அங்கே வேலை இல்லை. முன்னால் இருப்பவருக்கு மூச்சு முட்டுவது பின்னால் தள்ளுபவருக்குத் தெரியாது. மட்டாஞ்சேரியின் சந்துகளும் அகலமானவை அல்ல.

'இந்த இரைச்சல் இசைதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது' என்ற புலம்பல் இதனால்தான் குறி தவறுகிறது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எத்தனை பேரை உள்ளே விட்டார்கள்? எத்தனை வாசல்? மழை வந்தால் எங்கே ஒதுங்குவது? மெஹ்ஃபிலில் இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. அறை நிறைந்ததும் அடுத்து வருபவர் தானாகவே மாடிப்படியில் உட்கார்ந்துகொள்கிறார். அங்கிருந்தே 'வாஹ்' சொல்கிறார்.

அந்த மாடிப்படி மரியாதையைப் பெரிய மைதானத்துக்கு இழுத்துப்போவது எப்படி என்பதுதான் கொச்சியின் முன்னால் இருக்கும் சவால். அதை டிஸ்க் ஜாக்கியால் மட்டும் செய்ய முடியாது. வாசலில் நிற்பவர் எண்ணத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.