பெயர் சொல்லாத துக்கம்

இறந்தவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது நிகோபார் மக்களின் பழைய வழக்கம். 19-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள கமோர்ட்டா தீவில் அதிகாரியாக இருந்த தெ ரோப்ஸ்டார்ஃப் இதைக் குறித்து வைத்திருக்கிறார். பெயர் காதில் விழுந்தால் ஆவி திரும்பி வந்துவிடும் என்ற அச்சம். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி ஊர் ஊராக வாரிக்கொண்டு போனதும் இந்தத் தீவுகளுக்குத்தான் மனநல மருத்துவர்கள் வந்து சேர்ந்தார்கள். மனம்விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்பது அவர்கள் படித்த பாடம். வாய் மூடி இருப்பதே போனவருக்குச் செய்யும் மரியாதை என்று வளர்ந்தவரிடம் அந்தப் பாடம் எடுபடுமா?

நோய்க்கும் அங்கே வேறு கணக்கு. நான்கௌரி பக்கத்துத் தீவுகளில் உடம்புக்கு முடியாமல் போனால் மென்லுவானா என்ற வைத்தியரை அழைப்பார்கள். அவர் சொன்னபடி மரத்தில் 'கரேயாவ்' செதுக்கி வீட்டில் நிறுத்துவார்கள். கெட்ட ஆவியை மிரட்டி விரட்டும் உருவம் அது. கிறிஸ்தவம் பரவியபின் இது குறைந்துவிட்டது. ஆனாலும் எனக்கு இதில் ஒன்று முக்கியமாகப் படுகிறது. நோய் வெளியிலிருந்து வந்தது. படுத்திருப்பவர் மேல் பழி இல்லை.

ஆவி நம்பிக்கை மட்டுமே காப்பாற்றிவிடாது. தமிழ்நாட்டின் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு விடுதியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பற்றிய தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. அங்கும் பேய், பில்லிசூனியம் என்றுதான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மாத்திரை கிடைத்திருந்தால் அவர்களில் பலர் வீட்டில் இருந்திருப்பார்கள். அதைவிட, பக்கத்தில் உறவு என்று ஒருவர் இருந்திருந்தால் சங்கிலியையாவது அவிழ்த்திருப்பார்.

சுனாமிக்குப் பின் அந்தமான் நிகோபாரில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் எடுத்த கணக்கு இதையே வேறு விதத்தில் காட்டுகிறது. இடம்பெயர்ந்து முகாம்களில் தங்கியவர்களில் 100-க்கு 5.2 பேருக்கு மனநலப் பாதிப்பு. சொந்த இடத்திலேயே இருந்தவர்களில் 2.8 பேருக்கு. நம் கேள்வித்தாளுக்குள் அடங்காத துக்கம் எவ்வளவோ இருக்கும். ஆனாலும் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசத்தைத் தள்ளிவிட முடியாது. சொந்த மண்ணும் சுற்றமும் ஒரு மருந்தாக இருந்திருக்கின்றன.

அந்தச் சுற்றத்துக்கு நிகோபாரில் 'துஹெத்' என்று பெயர். பல குடும்பங்கள் சேர்ந்த கூட்டுக் குடும்பம். தென்னந்தோப்பும் பன்றிகளும் எல்லோருக்கும் பொது. சுனாமிக்குப் பின் அரசு நிவாரணப் பணத்தையும் வீட்டையும் தனித்தனிக் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்தது. நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார்கள். ஆனால் துஹெத் குலைந்தது, குடி பெருகியது. கடல் விட்டுவைத்ததை நிவாரணம் பிரித்துப்போட்டது என்றுதான் சொல்வேன்.

கிரேட் நிகோபாரின் மேற்குக் கரையில் இருந்தவர்களைக் கேம்பல் பே பக்கம் ராஜீவ் நகரில் குடியேற்றினார்கள். பழைய ஊருக்கே போகிறோம் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பழைய ஊர் நிலத்திலும் அரசின் கிரேட் நிகோபார் துறைமுகப் பெருந்திட்டம் வருகிறது என்று தெரிந்ததும், 2022 நவம்பரில் பழங்குடி மன்றம் அத்திட்டத்துக்குத் தான் கொடுத்திருந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. தீவுக்கு இன்னொரு மனநல மருத்துவரை அனுப்புவதற்கு முன்பு, ஊர் திரும்பும் அந்தக் கோரிக்கைக்கு அரசு பதில் சொல்லட்டும்.