காருக்கு மேல் விண்ட்சர்ஃபிங் போர்டு... லாரி பெல்ட் போட்டு இறுக்கினால் போதுமா? எந்த பெல்ட் வாங்கணும்?

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கடல் கிடையாது. ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் உண்டு. காற்றில் பாய் விரித்து, அலைமேல் பலகையில் நின்றபடி ஓடும் விண்ட்சர்ஃபிங் விளையாட்டு 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. சீனாவின் ஹாங்சோவில் 2023-ல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஆண்கள் ஆர்எஸ்எக்ஸ் பிரிவில் இந்தியாவின் இபாத் அலி வெண்கலம் வென்றார். அந்த ஆர்எஸ்எக்ஸ் பலகையின் நீளம் 2.86 மீட்டர், அகலம் 93 சென்டிமீட்டர். இளம் வீரர்கள் பழகும் 'டெக்னோ 293' போர்டின் நீளம் அதன் பெயரிலேயே இருக்கிறது: 293 சென்டிமீட்டர். எந்த காரின் டிக்கியிலும் இது நுழையாது. ஆக, கார் டாப்தான் ஒரே வழி.

பூந்தமல்லியில் இருந்து கோவளம் போகிறவர்கள் நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏறி, வண்டலூரில் இறங்கி, மாம்பாக்கம், கேளம்பாக்கம் வழியாகப் போகலாம். சுமார் 50 கிலோமீட்டர். இதில் வெளிவட்டச் சாலைதான் சோதனைக்களம். இருபுறமும் மறைப்பு குறைவு, பக்கக் காற்று அதிகம், வண்டிகள் வேகமாகப் போகும். கட்டு அவிழ்ந்து பலகை பறந்தால், அது விழப்போவது பின்னால் வரும் பைக்காரர் மீதுதான்.

பலகை எடை 12 கிலோதானே, எங்கே பறக்கப் போகிறது?

இந்தக் கேள்வியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டெக்னோ 293 போர்டின் எடை சுமார் 12 கிலோ. ஒரு அரிசி மூட்டையில் பாதி கூட இல்லை. ஆனால் இங்கே கணக்கு எடையில் இல்லை, காற்றில் இருக்கிறது.

கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7.5 கிலோ அழுத்தம் தருகிறது. வேகம் 80 ஆனால் அது இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகி 30 கிலோவைத் தொடும். 100-ல் சுமார் 47 கிலோ. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப காற்றின் விசை கூடும் என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். போர்டின் பரப்பு கிட்டத்தட்ட 1.8 சதுர மீட்டர். 80-ல் போகும்போது முன்முனை லேசாக மேலே எழும்பி, காற்றழுத்தத்தில் பாதி மட்டுமே தூக்கும் விசையாக மாறினாலும் 27 கிலோ. பலகையின் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். விமான இறக்கைக்கு நடப்பதும் இதேதான்.

அதனால் பெல்ட்டின் வேலை பாரத்தைத் தாங்குவது இல்லை. பலகையை மேலே எழும்ப விடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. புது மெத்தை, பிளாஸ்டிக் கதவு, ஃபிளெக்ஸ் ஃபிரேம் ஆகியவற்றை கார் மேல் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். (ஜன்னல் வழியாக ஒரு கையால் மெத்தையைப் பிடித்துக்கொண்டே ஓட்டும் அண்ணன்கள் கவனிக்க: 80-ல் அந்தக் கை எதற்கும் உதவாது.)

கையில் கிடைப்பது லாரி பெல்ட்... அங்கேதான் சிக்கல்

அம்பத்தூர் எஸ்டேட், பாடி, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்து லாரி உதிரிபாகக் கடைகளில் 'கார்கோ பெல்ட் வேணும்' என்று கேட்டால், பெரும்பாலும் ராட்செட் பெல்ட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 50 மில்லிமீட்டர் அகல நாடா, டக் டக் என்று இழுத்து இறுக்கும் இரும்புப் பூட்டு. இருங்காட்டுக்கோட்டையில் இருந்து புதுக் கார்களை ஏற்றி வரும் நீள டிரெய்லர்களில், சக்கரங்களைப் பிடித்திருப்பதும் இந்த வகை பெல்ட்தான். ஒரு டன் எடையுள்ள காருக்கு அது சரியான பொருள். விண்ட்சர்ஃபிங் போர்டுக்கு அது எமன்.

காரணம் எளிது. ராட்செட் ஒரு நெம்புகோல். கைப்பிடியை 50 கிலோ விசையில் இழுத்தால், நாடாவில் சில நூறு கிலோ இழுவிசை ஏறிவிடும். இழுக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது, 'இன்னும் ரெண்டு பல்லு' என்றுதான் தோன்றும். பெரும்பாலான போர்டுகளின் உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த தெர்மாகோல் வகை நுரை. அதைச் சுற்றி ஃபைபர் இழையும் ரெசினும் சேர்ந்த மெல்லிய ஓடு. அந்த ஓட்டின் விளிம்பில் நாடா அழுந்தினால் முடி கனத்தில் விரிசல் விழும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடலில் இறங்கியதும் உப்புத் தண்ணீர் உள்ளே போகும், நுரை குடிக்கும், போர்டின் கனம் கூடும். பல ஆயிரம் ரூபாய் பலகை கெட்டுப்போனது கடலில் இல்லை, வீட்டு வாசலில் கட்டும்போதே.

சரி, அப்போ எதை வாங்குவது?

கேம் பக்கிள் பெல்ட். உள்ளே பல் வைத்த ஒரு கிளிப் இருக்கும். நாடாவை இழுத்தால் பல் கவ்வும், கட்டை விரலால் கிளிப்பை அழுத்தினால் விடும். நெம்புகோல் எதுவும் கிடையாது. நம் கை பலம் எவ்வளவோ அவ்வளவுதான் இறுகும், அதனால் போர்டை நொறுக்குவது கஷ்டம். 25 மில்லிமீட்டர் அகலம் போதும். லேபிளில் பாதுகாப்பான சுமை 150 முதல் 250 கிலோ என்று இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம். லாரி உதிரிபாகக் கடையில் இது கிடைக்கவில்லை என்றால், பைக்கில் நீண்ட பயணம் போகிறவர்களுக்கு லக்கேஜ் பெல்ட் விற்கும் கடைகளில் கேட்கலாம்.

லேபிளில் ஒரு தந்திரம் நடக்கும். ஆன்லைனில் பெரிய எழுத்தில் '700 கிலோ' என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் நாடா அறுந்துபோகும் அளவு. நம்பிக் கட்டக்கூடிய அளவு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஐரோப்பியத் தரத்தில் வரும் பெல்ட்டில் 'எல்.சி' என்று ஓர் எண்ணும், பக்கத்தில் டெக்கா நியூட்டன் என்ற அளவும் இருக்கும். ஒரு டெக்கா நியூட்டனை ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்ளலாம். அதே தரத்தில் லேபிளின் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு: நீலம் என்றால் பாலியஸ்டர், பச்சை என்றால் நைலான், பழுப்பு என்றால் பாலிப்ரொப்பிலீன்.

வாங்க வேண்டியது பாலியஸ்டர். அது அதிகம் நீளாது, நனைந்தாலும் அப்படியே நிற்கும், வெயிலையும் ஓரளவு தாங்கும். நைலான் நனைந்தால் நெகிழும். காலையில் இறுக்கமாக இருந்த கட்டு, வழியில் ஒரு மழை பெய்தால் தளர்ந்து நிற்கும். பாலிப்ரொப்பிலீன் வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும். ஹார்டுவேர் கடையில் நாம் 'நைலான் கயிறு' என்று கேட்டு வாங்கும் நீலம், மஞ்சள் கயிறும் பல சமயம் இந்த பாலிப்ரொப்பிலீன்தான். அதில் முடிச்சும் வழுக்கும்.

லேபிளே இல்லாத பெல்ட்டா? நாடாவின் நுனியில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, டம்ளர் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழ் போக விரலால் நசுக்கிவிடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். மூழ்கினால் பாலியஸ்டராகவோ நைலானாகவோ இருக்கலாம்.

இரண்டு பக்கமும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு பக்கம் போகவே வேண்டாம். அது நீள்வதற்காகவே செய்யப்பட்டது. பலகை எழும்பும்போது அதுவும் கூடவே எழும்பும்.

பெல்ட் சரி... எதில் கட்டுகிறீர்கள்?

பெல்ட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது காரின் கூரையை. பல கார்களில் கூரையின் இரு ஓரமும் வெள்ளிக் கம்பி போல ரெயில் இருக்கும். சில மாடல்களில் அது வெறும் அழகுக்கு. சுமை ஏற்றக் கூடாது என்று காரோடு வந்த கையேட்டிலேயே எழுதியிருக்கும். 'ரூஃப் லோடு' என்ற எண்ணை அதில் தேடிப் பாருங்கள். குறுக்குக் கம்பிகளின் எடையும் அந்தக் கணக்கில்தான் வரும். ரெயில் அழகுக்கு மட்டும் என்றால், கதவுச் சட்டத்தைக் கவ்வும் குறுக்குக் கம்பி உங்கள் மாடலுக்கு உண்டா என்று பார்க்க வேண்டும்.

கம்பிகள் மேல் நுரை உறை போட்டு, போர்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கால் வைக்கும் பக்கம் கீழே, முன்முனை முன்னே. கவிழ்த்தால் போர்டின் மூக்கு கீழ்நோக்கி வளைந்து நிற்கும், எதிர்க்காற்று அதை மேலே தூக்காமல் கீழே அழுத்தும். அடியில் இருக்கும் துடுப்பைக் கழற்றி டிக்கியில் போடுங்கள்.

ஒரு குறுக்குக் கம்பிக்கு ஒரு பெல்ட், ஆக இரண்டு. பெல்ட்டைக் கதவு வழியாக காருக்குள் விட்டுக் கட்டுவது நம்மூரில் வழக்கம். மழை வந்தால் அந்த நாடாவே வாய்க்கால் ஆகி, தண்ணீர் சீட்டுக்கு வந்துவிடும். குறுக்குக் கம்பியைச் சுற்றித்தான் கட்ட வேண்டும், அதுவும் போர்டின் விளிம்பை ஒட்டி. தள்ளிக் கட்டினால் பலகை பக்கவாட்டில் நகரும். பக்கிள் கண்ணாடி மேல் தொங்காமல், கைக்கு எட்டும் இடத்தில் நிற்கட்டும். அதன் அடியில் ஒரு ரப்பர் துண்டோ துணியோ இருந்தால் போர்டில் கீறல் விழாது. மிச்ச நாடாவை முடிந்துவிடுங்கள், காற்றில் அடிக்கும் நுனி பெயின்ட்டைத் தேய்க்கும்.

ஓடும்போது மேலே 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால் பயப்பட வேண்டாம். தட்டையான நாடா காற்றில் அதிரும் சத்தம் அது. காற்றுப் படும் இடத்தில் நாடாவுக்கு ஒரு அரை முறுக்கு கொடுத்தால் நின்றுவிடும்.

போர்டு முன் கண்ணாடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், மூன்றாவது கட்டு ஒன்று தேவை. போர்டின் முன்பகுதியில் இருந்து கவட்டை வடிவில் இரண்டு கயிறு, பானெட்டின் இரு ஓரத்துக்கும். பானெட்டைத் திறந்து, ஓரத்து போல்ட்டில் மாட்டிக்கொள்ளும் நாடா வளையங்கள் இதற்கென்றே கிடைக்கின்றன. இதை இழுத்து இறுக்க வேண்டாம், தொய்வு இல்லாமல் இருந்தால் சரி. முனை எழும்பும் முதல் நொடியில் தடுப்பது இந்தக் கயிறுதான்.

போலீஸ் பிடித்தால்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு 2019 திருத்தத்தில் வந்தது. வண்டியின் பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். சுமையை இறக்கும் செலவும் நம் தலையில்தான். அகலத்தில் போர்டு பிரச்சினை செய்யாது. மாட்டிவிடுவது பாய்மரக் கம்பம். அது 4 மீட்டருக்கு மேல் இருக்கும், ஆனால் வரிச் சலுகைக்காக இங்கே விற்கும் பல கார்களின் மொத்த நீளமே 4 மீட்டருக்குள்தான். பெரும்பாலான கம்பங்கள் இரண்டாகப் பிரியும். பிரித்துக் கட்டுங்கள். சுமை விழுந்து யாராவது உயிரிழந்து, அது கவனக்குறைவால் நடந்தது என்றானால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை.

கட்டி முடித்ததும் போர்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பலகை தனியாக ஆடாமல் காரும் சேர்ந்து ஆட வேண்டும். வெளிவட்டச் சாலையில் ஏறுவதற்கு முன் ஒருமுறை நிறுத்தி, மறுபடியும் இழுத்துப் பாருங்கள். புது நாடா முதல் சில கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். கோவளத்தில் இருந்து திரும்பியதும் பெல்ட்டை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப் போடுங்கள். உப்பு ஏறிய பக்கிளின் ஸ்பிரிங் துருப்பிடித்தால் பல் கவ்வாது. நாடாவின் ஓரம் பிசிறு விட்டாலோ, நிறம் வெளுத்து மொடமொடப்பானாலோ, தையல் ஒரு இடத்தில் பிரிந்தாலோ அந்தப் பெல்ட்டை மாற்றிவிட வேண்டியதுதான். மூட்டை கட்ட உதவும் என்று எடுத்து வைத்தால், அவசரத்தில் அதுவே திரும்பவும் கார் மேல் ஏறும். இரண்டாக வெட்டி குப்பையில் போடுங்கள்.