எச்.ஐ.வி. சோதனை: ‘நெகட்டிவ்’ என்ற முடிவை எந்த நாளில் நம்பலாம்?

ஆணுறை இல்லாத உறவுக்குப் பிறகு பயந்துபோய், மறுவாரமே கிளினிக்கில் ரத்தம் கொடுத்து, ‘நெகட்டிவ்’ என்று வந்ததும் நிம்மதியாக வீடு திரும்புபவர்கள் பலர். அந்த நிம்மதிக்கு அந்தத் தாளில் ஆதாரம் ஏதும் இல்லை. ரத்தம் எடுத்த நாளுக்குப் பல வாரங்கள் முன்பு இருந்த நிலவரத்தைத்தான் அது சொல்கிறது.

காரணம் எளிது. பெரும்பாலான சோதனைகள் வைரஸைத் தேடுவதில்லை. வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகின்றன. அது உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை உள்ள நாட்களை ‘விண்டோ பீரியட்’ என்கிறார்கள். தொற்று இருந்தும் சோதனையில் தெரியாத காலம் அது. முதல் 10 நாட்களில் எந்தச் சோதனையாலும் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது.

எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது சோதனையைப் பொறுத்தது. கை நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை, எதிர்ப்பொருளோடு ‘பி24’ என்ற வைரஸ் புரதத்தையும் சேர்த்துத் தேடும். அது 18 முதல் 45 நாட்களுக்குள் தொற்றைக் காட்டிவிடும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் துரிதச் சோதனைக்கும், வீட்டிலேயே செய்துகொள்ளும் உமிழ்நீர்ச் சோதனைக்கும் 90 நாள் வரை ஆகலாம். வைரஸின் மரபணுவையே தேடும் ‘நாட்’ சோதனை 10 முதல் 33 நாட்களில் காட்டும். ஆனால் அதன் விலை அதிகம், எல்லா இடத்திலும் செய்வதுமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சம்பவம் மார்ச் 1 அன்று நடந்தது என்றால், ஆய்வுக்கூடச் சோதனையின் ‘நெகட்டிவ்’ முடிவை ஏப்ரல் 15க்குப் பிறகுதான் முழுதாக நம்பலாம். துரிதச் சோதனை என்றால் மே 30 வரை பொறுக்க வேண்டும். இடையில் மீண்டும் ஓர் ஆபத்தான தொடர்பு நடந்தால் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

தொற்றிய முதல் வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும், பிறருக்கும் சுலபமாகப் பரவும். முன்கூட்டியே எடுத்த சோதனையை நம்பி மனைவியிடம் எச்சரிக்கையில்லாமல் இருப்பது அதனால்தான் ஆபத்து. கோயில் மண்டபத்து ரத்த தான முகாமுக்குப் போனால் இலவசமாகத் தெரிந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. அந்த நாட்களில் கொடுத்த ரத்தம் சோதனையைத் தாண்டி ஒரு நோயாளிக்கு ஏறிவிடக்கூடும்.

அறிகுறியை வைத்தும் முடிவு செய்ய முடியாது. இரண்டு முதல் நான்கு வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு வரும். நம் நாட்டில் அதை டெங்கி என்று நினைப்பதுதான் இயல்பு. பலருக்கு எதுவுமே வருவதில்லை.

சோதனைக்குத்தான் பொறுமை வேண்டும், தடுப்பு மருந்துக்கு அவசரம் வேண்டும். ‘பெப்’ எனப்படும் அந்த மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாட்கள் விடாமல் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எல்லா கிளினிக்கிலும் கையிருப்பு இருக்காது என்பதால் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கேட்பதே சரி. ‘பெப்’ எடுத்தவர்கள் எப்போது சோதிக்க வேண்டும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

துரிதச் சோதனையில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தாலும் அதுவே தீர்ப்பு அல்ல. தொற்று இல்லாதவருக்கும் சில சமயம் அப்படி வருவதுண்டு. வேறு வகைச் சோதனையால் உறுதிப்படுத்திய பிறகே முடிவு சொல்வார்கள். உறுதியானாலும் வாழ்க்கை அதோடு முடிவதில்லை. தினமும் மருந்து எடுத்து, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று பரவாது.

தோட்டத்துக்குப் பக்கத்துக் கிளினிக்கில் தெரிந்த முகம் இருக்குமே என்ற தயக்கம் நியாயமானதுதான். அடுத்த பட்டணத்து அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போகலாம். கவுண்டரில் எல்லார் காதிலும் விழும்படி விவரம் சொல்ல வேண்டியதில்லை. அறைக்குள் மருத்துவரிடம் சம்பவம் நடந்த தேதியைச் சரியாகச் சொன்னால், எந்தச் சோதனை, மறுபடி எப்போது வர வேண்டும் என்று அவர் குறித்துக் கொடுப்பார்.