டர்ன்ஓவர் என்றால் எந்த டர்ன்ஓவர்?

"கடை டர்ன்ஓவர் எவ்வளவு?" என்று வங்கி மேலாளரும் கேட்கிறார், கணக்கரும் கேட்கிறார், ஆர்டர் எடுக்க வரும் கம்பெனிக்காரரும் கேட்கிறார். மூவருக்கும் நாம் ஒரே தொகையைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர்கள் கேட்பதோ ஒன்றல்ல.

ஆங்கிலத்தில் 'டர்ன்' என்றால் திரும்புதல்; 'ஓவர்' என்றால் மறுபுறமாக. இரண்டும் சேர்ந்த சொல்லுக்கு இங்கிலாந்தில் விற்றுமுதல் என்றும் பொருள், ஆப்பிளை உள்ளே வைத்து மாவை மடித்துச் சுட்ட பலகாரம் என்றும் பொருள். (நம் சோமாசிக்கு ஒன்றுவிட்ட அண்ணன்!) வேலையாட்கள் நிலைக்காமல் மாறிக்கொண்டே இருப்பதும் டர்ன்ஓவர்தான்.

சரக்கு டர்ன்ஓவர் வேறு. ஆண்டில் விற்ற சரக்கின் அடக்க விலை ரூ.36 லட்சம், கடையில் சராசரி இருப்பு ரூ.3 லட்சம் என்றால், போட்ட பணம் 12 முறை திரும்பியிருக்கிறது. இருப்பு ரூ.6 லட்சமானால் 6 முறைதான். அதே விற்பனைக்கு இரு மடங்கு பணம் மூட்டைகளில் முடங்கிக் கிடக்கிறது.

ஜி.எஸ்.டி.யில்தான் நம்மவர்கள் அதிகம் இடறுகிறார்கள். வரியுள்ள சரக்கை மட்டும் கூட்டிப் பார்த்து, வரம்புக்குள் இருக்கிறோம் என்று நிம்மதியடைகிறார்கள். சட்டமோ விலக்குள்ள சரக்கையும் சேர்த்தே கூட்டச் சொல்கிறது. மூட்டை பிரித்து நிறுத்து விற்கும் அரிசி, பருப்பு ரூ.30 லட்சம், எண்ணெய், சோப்பு ரூ.15 லட்சம் என்றால் மொத்தம் ரூ.45 லட்சம். பொருள் மட்டும் விற்போருக்குத் தமிழகத்தில் வரம்பு ரூ.40 லட்சம், ஆகவே பதிவு செய்தாக வேண்டும். ஒரே பான் எண்ணில் இரண்டு கடைகள் இருந்தால் இரண்டின் விற்பனையும் சேரும். விலக்குள்ள சரக்கை மட்டுமே விற்பவருக்கு, எத்தனை லட்சம் விற்றாலும், அதற்காகப் பதிவு தேவையில்லை.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ்கள் போயின. காய்கறி விற்பவர்களும் அதில் இருந்தனர். வங்கியில் வந்ததெல்லாம் விற்பனை ஆகாது. கைமாற்று திரும்பியதும், சீட்டுப் பணமும், மகன் அனுப்பியதும் அதில் கலந்திருக்கும். ஆனால் பிரித்துக் காட்ட நம்மிடம் ஏடு வேண்டுமே! விலக்குள்ள சரக்கின் விற்பனையைத் தனிப் பத்தியில் அன்றன்றே எழுதுங்கள். வீட்டுப் பணத்துக்கு வேறு வங்கிக் கணக்கு வைத்து, கல்லாவில் ஒட்டும் கியூ.ஆர். அட்டையைக் கடைக் கணக்குக்கு மட்டும் வையுங்கள்.