கண்ணாடியும் மூடுபனியும்



எங்கள் கிளென்மார்கன் மலை விளிம்பில் நிற்போர்க்கு அடிக்கடி ஒரு காட்சி வாய்க்கும். கீழே சிங்காரா மின்நிலையமும், அதற்கப்பால் முதுமலைக் காடும், மாயாற்றுப் பள்ளமும் தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கும். காற்று சற்றே குளிர்ந்ததும் அத்தனையும் மறைந்துவிடும். புதிய பொருள் ஒன்றும் அங்கே முளைத்துவிடவில்லை. கண்ணுக்குப் புலப்படாமல் காற்றோடு கலந்திருந்த நீராவி, குளிர்ச்சி மிகுந்ததும் நுண்துளிகளாகப் பிரிந்துவிட்டது, துளிகளின் மேற்பரப்பில் ஒளி சிதறுகிறது, தெளிவு போய்விடுகிறது. இதே நிகழ்ச்சி திண்ணிய கண்ணாடிக்குள்ளும் நடக்கும் என்றால் நம்புவீர்களா?

நான் நம்பவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டினேன். நம் மலையில் காய்ச்சும் யூக்கலிப்டஸ் தைலத்தில் சில துளிகளை ஸ்பிரிட்டில் கரைத்தேன். தெளிந்த நீர்மம். அதில் சிறிது தண்ணீர் விட்டதும் முழுவதும் பால்போல் வெளுத்தது. தைலம் நீரோடு ஒட்டாமல் நுண்துளிகளாகப் பிரிந்துவிட்டதென விளக்கினேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து, “சார், கண்ணாடியும் இப்படிப் பிரியுமா?” என்று கேட்டான். “தம்பி, திடப்பொருள் எங்ஙனம் பிரியும்? உட்கார்” என்றேன். வகுப்பு சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறொன்றும் கேட்கவில்லை. பின்னாளில் ஒரு நூலைப் புரட்டியபோதுதான் பிழை என்னுடையதென அறிந்தேன்.

கண்ணாடி என்பது படிகமாகாமல் உறைந்து நிற்கும் கலவை. சிலிக்கா, போரான் ஆக்சைடு, சோடியம் ஆக்சைடு ஆகியவற்றைச் சேர்த்து உருக்கினால், கடும் வெப்பத்தில் அவை ஒன்றாய்க் கலந்திருக்கும். விரைந்து குளிரவைத்தால் அந்தக் கலப்பு அப்படியே உறைந்துவிடும். உள்ளுக்குள் அவை பிரிந்து நிற்கவே விரும்பினாலும், அணுக்கள் அசைய இயலாமையால் ஒன்றாய் அடைபட்டுக் கிடக்கின்றன. அக்கண்ணாடியை மீண்டும் 500 முதல் 600 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிப் பல மணி நேரம் வைத்திருந்தால், அணுக்களுக்கு நடமாட்டம் கிடைக்கும். சிலிக்கா மிகுந்த பகுதி ஒரு புறமும், போரானும் சோடியமும் மிகுந்த பகுதி மறு புறமுமாக, பின்னிய இரு வேர்க்கூட்டங்களைப்போல் அது பிரிந்துவிடும்.

வெப்பம் கூடக்கூடப் பிரிகையும் கூடும் என்று எண்ணிவிடாதீர்கள். ஏறத்தாழ 750 பாகையைக் கடந்தால் இவ்வகைக் கண்ணாடி மீண்டும் ஒன்றாய்க் கலந்துவிடும். மிகக் குளிர்ந்தாலும் பிரியாது. மிகச் சுட்டாலும் பிரியாது. பிரிந்த பகுதிகள் சில நானோமீட்டர் அளவினவாயின் கண்ணாடி தெளிவாகவே இருக்கும். அவை வளர வளரப் பக்கவாட்டில் பார்த்தால் நீலச்சாயலும், ஒளிக்கெதிரே பிடித்துப் பார்த்தால் செம்மஞ்சளும் தெரியும். வானம் நீலமாவதும் இக்காரணத்தாலேயே. இன்னும் வளர்ந்தால் வெண்மைதான்.

இதனைப் பயனாக்கியவர்கள் அமெரிக்கக் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஹூட், நார்ட்பெர்க் என்போர். பிரிந்த கண்ணாடியை அமிலத்தில் இட்டுப் போரான் பகுதியைக் கரைத்தெடுத்தனர். எஞ்சியது நுண்துளைகள் நிறைந்த, ஏறத்தாழ 96 விழுக்காடு சிலிக்கா. அதனைச் சுட்டால் துளைகள் அடைபட்டுச் சுருங்கி, திடீர்ச் சூட்டையும் குளிரையும் தாங்கும் தெளிந்த கண்ணாடியாகும். 1938-இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர்.

உலையில் வைத்தால் கண்ணாடி முழுவதும் பிரியும். ஒரு கோட்டில் மட்டும், ஒரு புள்ளியில் மட்டும் பிரிய வேண்டுமானால் என்ன செய்வது? இங்கேதான் லேசர் வருகிறது. 1960-இல் மெய்மன் முதல் லேசரை இயக்கினார். 1964-இல் கரியமிலவாயு லேசரைக் கண்டவர் குமார் படேல். மராட்டியத்துப் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் கற்று, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். அதன் 10.6 மைக்ரான் ஒளி, சிலிக்கனும் ஆக்சிஜனும் பிணைந்து அதிரும் அலைநீளத்தை அடுத்தது. ஆதலால் கண்ணாடி அதனைத் தன் மேற்பரப்பிலேயே விழுங்கிச் சூடேறும். ஒளி படும் சிறு தடம் மட்டும் பிரிகைக்குரிய வெப்பத்தை எய்துமாறு கற்றையை நகர்த்தினால், பிரிகையும் அத்தடத்தில் மட்டுமே நிகழும். உலையில் மணிக்கணக்கில் நடப்பது சிறு பொழுதில் நடக்க வேண்டுமாயின், எளிதிற் பிரியும் கலவையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வெப்பம் எல்லை மீறாமலும் காக்க வேண்டும்.

கண்ணாடியின் உட்புறத்தில் எழுத வேறு லேசர் உண்டு. ஒரு நொடியைக் கோடிகோடியாய்ப் பகுத்த பின்னும் பத்தாய்ப் பகுத்தால் வருவது ஒரு ஃபெம்டோ நொடி. அத்தகைய துடிப்புகளைக் கண்ணாடி தடையின்றிப் போகவிடும்; வில்லை ஒளியைக் குவிக்கும் புள்ளியில் மட்டும் செறிவு தாங்காமல் அதனை உறிஞ்சும். ஜப்பானின் ஹிராவோ குழுவினர் 1996-இல் இம்முறையில் கண்ணாடிக்குள் ஒளி செல்லும் பாதைகளை வரைந்தனர். துடிப்புகள் நொடிக்கு லட்சக்கணக்கில் வந்தால் வெப்பம் தேங்கும். அப்பொழுது சிலிக்கா சூடான நடுப்பகுதியில் செறிய, சோடியமும் கால்சியமும் வெளிவட்டத்துக்கு ஒதுங்குகின்றன. முன் சொன்ன பிரிகையோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. வெப்ப ஏற்றத்தாழ்வே இங்கே அயனிகளைத் தள்ளுகிறது.

அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறானோ அறியேன். எங்கிருந்தாலும் இது அவன் செவியில் விழட்டும்: தம்பி, பிரியும். 500 பாகைக்கு மேல் சில மணி நேரம் வைத்தால் பிரியும்.