நாம் தொடாத நிரல் ஏன் உடைகிறது?

எங்கள் படிவம் 4 மாணவி ஒருத்தி, செய்யுளின் எழுத்துகளை எண்ணி அட்டவணையாகத் தரும் சிறு நிரலைப் பைத்தான் மொழியில் எழுதியிருந்தாள். ஓராண்டு நன்றாக ஓடியது. விடுமுறையில் கணினிக்கூடத்தில் புதிய பைத்தானை ஏற்றிவிட்டார்கள். போட்டிக்கு இரண்டே நாள் இருக்கும்போது ஓட்டிப் பார்த்தால், திரை முழுக்கப் பிழைச் செய்தி. "டீச்சர், நான் ஒண்ணுமே மாத்தலையே!" என்று அழாத குறை.

அவள் சொன்னது உண்மைதான். மொழி மாறிவிட்டது, அட்டவணை போட அவள் எடுத்துக்கொண்ட லைப்ரரி மாறவில்லை. லைப்ரரி என்பது பிறர் எழுதி, நாம் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் நிரல்களின் கட்டு. எழுதப்பட்ட காலத்துப் பைத்தானை நம்பித்தான் அது ஓடும்.

அந்த லைப்ரரி, 'கலெக்‌ஷன்ஸ்' என்ற பகுதியிலிருந்து 'மேப்பிங்' என்ற ஒன்றைக் கேட்கிறது. 2012இல் வந்த பைத்தான் 3.3இலேயே அது வேறு முகவரிக்குக் குடிபோய்விட்டது. வீடு மாறியவருக்குப் பழைய முகவரிக் கடிதங்களும் சில காலம் வந்து சேருமே, அதுபோலப் பழைய பெயரும் வேலை செய்தது. 2018இல் எச்சரிக்கை வரத் தொடங்கியது. 2021 அக்டோபரில், 3.10இல், பழைய வழியை அடைத்தே விட்டார்கள். ஆக, ஒன்பது ஆண்டு அவகாசம்! ஆனால் லைப்ரரிக்குள் எழும் இந்த வகை எச்சரிக்கையைப் பைத்தான் வழக்கமாகத் திரையில் காட்டாது. நாமாகக் காட்டச் சொல்லி ஓட்ட வேண்டும். யார் செய்கிறோம்?

லைப்ரரியின் புதிய வெளியீட்டில் இதைச் சரிசெய்திருந்தார்கள். ஒரே கட்டளையில் புதுப்பித்தோம், ஓடியது. அதுவும் கிடைக்காவிட்டால், தனிச் சூழல் ஒன்றில் பழைய பைத்தானை வைத்து ஓட்டியிருப்போம்.

என்னைக் கேட்டால், இப்படிச் சத்தம் போட்டு உடைவது நல்லது. சத்தமில்லாமல் விடை மாறுவதுதான் ஆபத்து. 7 எழுத்தை 2 சீருக்குச் சராசரி பார்த்தால் பைத்தான் 2 '3' என்றது. பைத்தான் 3 '3.5' என்கிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், பழையதில் சாதாரணச் சரமாக, யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 வரும், புதியதில் 5. நமக்கோ 3! ஏனென்றால் 'மி', 'ழ்' ஒவ்வொன்றையும் கணினி இரண்டு குறிகளாகச் சேமிக்கிறது. 'ஓபன்-தமிழ்' போன்ற லைப்ரரிகள் எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். 15ஐ மனத்தில் வைத்துக் கணக்குப் போட்ட பழைய நிரல், புதிய பைத்தானில் பிழைச் செய்தியே இல்லாமல் தப்பான எண்ணைத் தரலாம்.

இங்கேதான் தமிழாசிரியருக்கு வேலை. கையால் எண்ணிய சில சொற்களை மாணவரிடம் கொடுங்கள்: தமிழ் 3, அம்மா 3, கற்க 3, ஔவை 2. மொழியையோ லைப்ரரியையோ புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நிரல் இவற்றைச் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்கட்டும். மாணவர்களே, செயல்திட்ட அறிக்கையில் பைத்தானின் பதிப்பு எண்ணையும் லைப்ரரியின் பதிப்பு எண்ணையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.

எங்கள் மாணவிக்கு 'ஔவை' மட்டும் 3 என்றே வந்தது. நிரலில் குற்றமில்லை. 'ஔ'வுக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தாள்.