முதிர்ந்த ஸின்பண்டல் மது

'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பது நம் பழமொழி. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பதும் நம் பழமொழியே. ஒன்று காத்திரு என்கிறது; மற்றொன்று காத்திராதே என்கிறது. இவ்விரண்டில் எது மெய் என்னும் வழக்கு, ஒரு பானத்தின் பொருட்டு அமெரிக்க நாட்டில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அது கலிபோர்னியாவில் ஸின்பண்டல் என்னும் கருந்திராட்சையிலிருந்து செய்யப்படும் சிவப்பு மது. 'நான்கைந்து ஆண்டுகளுக்குள் அருந்திவிட வேண்டும்' என்கிறார்கள் பலர். 'நல்லதைப் பதினைந்து ஆண்டுகள் வைத்திருந்து பாருங்கள்' என்கிறார்கள் சிலர். குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்வது நம் நோக்கமன்று. அந்தச் சிலர் காத்திருந்து பெறும் இன்பம் எத்தகையது என்பதையே இன்று பார்க்கிறோம்.

முதலில், பலருடைய கருத்துக்குக் காரணம் உண்டா என்று பார்ப்போம். உண்டு. ஸின்பண்டல் குலையில் பழங்கள் ஒரே சீராகப் பழுப்பதில்லை. பச்சைக் காயும், கனிந்த பழமும், வற்றி உலர்ந்த பழமும் ஒரே குலையில் சேர்ந்திருக்கும். காயும் கனியட்டும் என்று காத்திருந்தால், மற்றப் பழங்களில் சர்க்கரை மிகுந்துவிடும், புளிப்புக் குறைந்துவிடும். சர்க்கரைதான் நொதித்து மதுசாரமாகிறது. ஆகவே நூற்றுக்கு 15 பங்கு மதுசாரம் உள்ள ஸின்பண்டல் அரிதன்று. அத்தகைய மது இளமையில் பழச்சுவை பொங்க இருக்கும். ஆண்டுகள் சென்று பழமணம் தேய்ந்ததும், காரம் மட்டுமே எஞ்சும். இதற்கு ஆறின கஞ்சியின் கதைதான்.

ஆனால் எல்லா ஸின்பண்டலும் இப்படியன்று. கலிபோர்னியாவின் சொனோமா, அமடோர் வட்டாரங்களில் நூறாண்டு கடந்த கொடிகள் இன்றும் காய்க்கின்றன. முதுகொடி குறைவாகவே காய்க்கும். சாறோ செறிவாக இருக்கும். அக்காலத்து உழவர்கள் அதே நிலத்தில் பெட்டீட் சிரா, கரிஞான் போன்ற வேறு வகைகளையும் கலந்து நட்டார்கள். அவை மதுவுக்குத் துவர்ப்பையும் புளிப்பையும் சேர்க்கின்றன. இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றால்தான் மது நெடுநாள் நிற்கும். ரிட்ஜ் நிறுவனம் 1966 முதல் கெய்சர்வில் தோட்டத்திலிருந்து செய்துவரும் மது இதற்குப் பேர்பெற்ற சான்று.

புட்டிக்குள் என்ன நடக்கிறது? பால் விடாத கடுந்தேநீரைக் குடித்தால் நாக்கு இழுக்கிறதல்லவா? அத்துவர்ப்புக்குக் காரணமான டானின் என்னும் பொருள் இளம் மதுவிலும் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல, டானினும் நிறப்பொருள்களும் ஒன்றோடொன்று இணைந்து கனத்து, வண்டலாகப் படிகின்றன. கருஞ்சிவப்பாய் இருந்த மது செங்கல் நிறம் பெறுகிறது. நாக்கை இழுத்த துவர்ப்பு பட்டுப்போல் மென்மையாகிறது. புதுப்பழத்தின் மணம் மறைந்து, உலர்ந்த அத்தி, புகையிலை, பதனிட்ட தோல், கிராம்பு ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் மெல்ல எழுகின்றன. இளம் மது உரக்கப் பேசும். முதிர்ந்த மது தாழ்ந்த குரலில் பேசும். காது கொடுத்துக் கேட்பவருக்கே அதன் இன்பம்.

அருந்தும் முறையிலும் பொறுமை வேண்டும். முதல் நாளே புட்டியை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். மறுநாள் மெதுவாகக் கண்ணாடிக் குடுவைக்கு ஊற்றி, வண்டல் வரும்போது நிறுத்திவிட வேண்டும். ஊற்றியபின் தாமதம் கூடாது. முதிர்ந்த மதுவின் மணம் காற்றுப்பட்டு விரைவில் கலைந்துவிடும்.

நம் நாட்டில் ஓர் இடர் உண்டு. மதுவைச் சேமிக்க ஏற்ற வெப்பம் சுமார் 13 டிகிரி செல்சியஸ். நம் நண்பகலோ 30 டிகிரிக்கு மேல். வீட்டு அலமாரியில் வைத்துக் காத்திருந்தால் முதிர்ச்சி வராது, கேடுதான் வரும். குளிரறை உள்ள கடையில், முதிர்ந்த புட்டியாகவே வாங்குவது மேல்.

இறுதியாக ஒரு வியப்பு. 1970களில் சிவப்பு ஸின்பண்டலுக்கு மதிப்புக் குறைந்திருந்தது. அப்போது இதே பழத்திலிருந்து, வெள்ளை ஸின்பண்டல் என்ற பெயரில், இனிப்பான இளஞ்சிவப்பு மது ஒன்று விற்பனைக்கு வந்தது. வாங்கியதும் குடித்துவிடும் எளிய பானம் அது. அதற்கு எழுந்த பெருந்தேவையால், பிடுங்கப்பட இருந்த முதுகொடிகள் பல பிழைத்தன. காத்திராதவர்களின் தாகமே, காத்திருப்போரின் இன்பத்தைக் காப்பாற்றியது!

ஆகவே நேயர்களே, இரு பழமொழிகளும் மெய்யே. எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்று அறிவதே சுவையறிவு.